சரிவின் கழுத்தில் அப்பா

நாலோங், செப்டம்பர் 12, 2011

தம்பி கோலியாங்குக்கு அக்கா யூதாவ் எழுதுவது.

உடம்பு எப்படி இருக்கிறது? லாவோஸ் கொசு உன்னைக் கடித்தால் பாவம் கொசுதான் என்று உன் அத்தான் சொல்கிறார். அவருக்கு முழங்கால் வலி. எனக்கு ஒரு குறையும் இல்லை, கோபத்தைத் தவிர.

போனில் நான் நியாயம் கேட்கத் தொடங்கினாலே "அக்கா, சிக்னல் இல்ல" என்று வெட்டிவிடுகிறாய். கடிதத்துக்குச் சிக்னல் வேண்டாம். மரலாரி ஓட்டும் வெய் பதினைந்து நாளுக்கு ஒருமுறை எல்லை தாண்டி உங்கள் முகாமுக்கு வருகிறானாமே. இனி அவன்தான் நமக்குத் தபால்காரன்.

நம் சரிவை வெட்டி முடித்துவிட்டார்கள். முதல் வெட்டில் பதினொரு லாரி தைலமரம் போனது உனக்கு நினைவிருக்கும். இரண்டாவதில் எட்டு. இந்த மூன்றாவதில் ஐந்தாவது லாரி பாதி காலியாகக் கிளம்பியது. மரமெல்லாம் என் முழங்கைப் பருமன். ப்ளைவுட் மில்காரன் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, காகிதக் கூழுக்குத்தான் போகிறது. மரம் மட்டுமா போனது? பட்டை மின்நிலையத்து அடுப்புக்கு, தழை எண்ணெய் காய்ச்ச. மீதிக் கொப்பையும் செத்தையையும் வழக்கம்போலக் கொளுத்துவார்களாம். விருந்துக்கு வந்தவன் சோற்றையும் தின்று, தட்டையும் தூக்கிக்கொண்டு, போகும்போது அடுப்பையும் இடித்துவிட்டுப் போன கதை.

உனக்குச் சம்பளம் கொடுக்கும் அதே கம்பெனிக்காரன் அடுத்த ஒப்பந்தத்தோடு வந்திருக்கிறான். கொளுத்திவிட்டு, பொக்லைன் ஏற்றிச் சரிவைப் படிப்படியாக வெட்டி, மறுபடி அதே கன்று. எனக்கு மரத்தின் மேல் கோபமில்லை. பட்டையும் செத்தையும் கிடந்த இடத்திலேயே கிடக்கட்டும், தீயும் இயந்திரமும் வேண்டாம், கையால் குழி போட்டு நாமே நடலாம் என்கிறேன். நிலப் பத்திரம் அப்பாவுக்குப் பிறகு உன் பெயரில் இருக்கிறது. நீ கையெழுத்துப் போடாதவரை இருபது மூ நிலமும் நம்முடையது. போடாதே.

அப்பா போய் ஆறு வருஷம் ஆகிவிட்டது. நிலாக் கணக்கில் ஒன்பதாம் மாதம் பிறந்ததும், நம் வழக்கப்படி அவர் குழியைத் தோண்டி எலும்பெடுத்து ஜாடியில் உட்காரவைக்க வேண்டும். மகன் இல்லாமல் எப்படி? லீவு கேட்டு வா.

இன்று நிலா பார்க்கும் பண்டிகை. உன் பங்குப் பணியாரத்தை நானே தின்றுவிட்டேன்.

அக்கா


லாவோஸ் முகாம், அக்டோபர் 1

அன்பான அக்காவுக்கும் அத்தானுக்கும்,

நான் நலம். பணியாரம் போனது போகட்டும், உன் பல் நலமா?

இங்கே ஓயாத மழை. என் கையின் கீழ் நாற்பது ஆட்கள், நான்கு பொக்லைன். மேஸ்திரி என்று கூப்பிடும்போது யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று இன்னும் திரும்பிப் பார்க்கிறேன். சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ஒட்டரிசிதான், நம் ஊர் மாதிரியே.

கொளுத்துவதைப் பற்றி நீ இவ்வளவு கோபப்பட வேண்டாம். சாம்பல் மண்ணுக்கு உரம் என்று அப்பாவே சொல்லுவார். நடுகிற ஆளுக்கும் சுலபம், கட்டுவிரியன் பயமில்லை. எல்லா ஊரிலும் செய்வதுதானே.

எலும்பெடுப்பை அடுத்த வருஷத்துக்குத் தள்ளிவைக்க முடியாதா? இப்போது நடவுக் காலம், விட மாட்டார்கள். மற்ற விஷயங்களை நேரில் பேசலாம்.

அத்தான் முழங்காலுக்குப் புலித்தைலம் ஒரு டப்பி வெய்யிடம் கொடுத்திருக்கிறேன். நீ தடவிக்கொள்ளாதே, அவருக்குத்தான்.

தம்பி
கோலியாங்


நாலோங், அக்டோபர் 20

தம்பிக்கு,

நலம். தைலம் வந்தது. அத்தான் தடவிக்கொண்டு ஊரெல்லாம் மணக்கிறார்.

"மற்ற விஷயங்கள்" என்று எழுதியிருந்தாய். ஒரே ஒரு விஷயம்தான் கேட்டேன். போகட்டும்.

அப்பாவை எடுத்துவிட்டேன். நீ வரவில்லை என்பதற்காக அவர் இன்னும் ஒரு வருஷம் மல்லாந்து படுத்திருக்க வேண்டுமா? ஊர்த்தலைவர் ஹுவாங் வந்து, "பொம்பள தலையைத் தூக்கி வைக்கக் கூடாதும்மா, வழக்கமில்ல" என்றார். "அப்ப நீங்க இறங்கி வாங்க, குழி ரெண்டு முழம்தான்" என்றேன். இடுப்பு வலி என்று போய்விட்டார்.

உன் அத்தான் குடை பிடித்தார். "குடையை நேராப் பிடிங்க, அப்பா மேல வெயில் படுது" என்றால், "நானும் வெயில்லதான் நிக்கறேன்" என்கிறார். "நீங்க உசுரோட இருக்கீங்க, தாங்குவீங்க." காலிலிருந்து தொடங்கி, முதுகுத்தண்டைக் கோத்து, கடைசியில் தலை. நானே வைத்தேன். நல்ல இடம் பார்த்து மறுபடி புதைக்கும்வரை இருக்கட்டும் என்று ஜாடியை ஊர்ப் பாறை இடுக்கில் மற்ற ஜாடிகளோடு வைத்தோம். பிறகு வீட்டுக்கு வந்து கிணற்றடியில் உட்கார்ந்து நன்றாக அழுதேன். அதையும் எழுதிவிடுகிறேன், பின்னால் நீ கேட்பாய்.

இனி மண் விஷயம். சமாதியைச் சுற்றி நாம் வழக்கமாக விடும் வட்டத்தில் யாரும் தைலமரம் வைக்கவில்லை, தீ வைக்கவில்லை. பண்டிகைச் சோற்றுக்கு நாம் இலை பறிக்கும் அந்த ஃபெங் மரமும் புல்லும் அதன்பாட்டுக்கு நின்றன. அங்கே மண்வெட்டியைப் போட்டால் காம்புவரை இறங்கியது. கறுப்பு மண், உதிரி உதிரியாக. மண்புழு நெளிகிறது. மழைக்காளான் வாசனை. அங்கிருந்து மூன்று எட்டு தள்ளி, அடிக்கட்டைகளுக்கு நடுவில் ஒரு குழி போட்டுப் பார்த்தேன். கடப்பாரை 'ணங்' என்றது. விரல் நகம் அளவுக்குக் கரிக்கோடு, அதன் கீழே செங்கல். அப்பா சொன்ன சாம்பலெல்லாம் முதல் மழையிலேயே நம் வயலைத் தாண்டி ஆற்றுக்குப் போய்விட்டது. லாரிச்சக்கரம் ஏறிய இடத்தில் தண்ணீர் ஊற்றினால் அரைமணி நேரம் குளம் மாதிரி நிற்கிறது.

மூன்றே எட்டு, தம்பி. இதே சரிவு, இதே மழை. நாம் கை வைக்காத மண் ஒன்று, கை வைத்த மண் ஒன்று.

இரண்டையும் பையில் கட்டி அனுப்பியிருக்கிறேன். சிவப்பு நூல் அப்பா பக்கத்து மண். வெள்ளை நூல் கம்பெனி மண். நீதான் மேஸ்திரி ஆயிற்றே, சொல்.

அக்கா


லாவோஸ் முகாம், நவம்பர் 13

அக்காவுக்கு,

நலம். கொஞ்சம் இருமல்.

பைகள் வந்தன. இரண்டு கண்ணாடித் தம்ளரில் தண்ணீர் ஊற்றி ஒவ்வொரு கட்டி போட்டேன். சிவப்பு நூல் மண் காலைவரை கட்டி கட்டியாகவே இருந்தது, தண்ணீர் தெளிந்திருந்தது. வெள்ளை நூல் மண் போட்ட மாத்திரத்தில் கரைந்து டீ ஆகிவிட்டது. அதை என் ஆட்கள் பார்த்துவிட்டு, "மேஸ்திரி, இது எந்த ஊர் மண்ணு?" என்று கேட்டார்கள். தெரியாது என்று சொல்லிவிட்டேன்.

அப்பாவை எடுத்தது நல்லது. நீ வைத்ததால் ஒன்றும் குறைந்துவிடாது.

ஹுவாங் கூட்டம் ஏதாவது போட்டால் நீ போக வேண்டாம். அத்தான் போகட்டும். உனக்கு ரத்த அழுத்தம் இருக்கிறது.

தம்பி


நாலோங், நவம்பர் 29

கோலியாங்,

நலமா என்று கேட்க மாட்டேன்.

கூட்டத்துக்கு நான்தான் போனேன். "எங்க வீட்டுக் கையெழுத்து கிடைக்காது" என்று எழுந்து நின்று சொன்னேன். கம்பெனிக்காரன் சிரித்துக்கொண்டே கோப்பைத் திறந்தான். "அக்கா, உங்க வீட்டுக் கையெழுத்துதான் முதல்ல வந்தது. அதைப் பாத்துதான் மத்தவங்களே போட்டாங்க" என்றான். மெங் கோலியாங், பக்கத்தில் சிவப்பு மையில் கட்டைவிரல் ரேகை. நீ பஸ் ஏறியதற்கு முந்தின நாள் தேதி. அன்று இரவு என் வீட்டில்தான் வாத்துக்கறி தின்றாய். அதே கட்டைவிரலால் எலும்பைப் பிடித்துக்கொண்டு.

ஊரே என்னைப் பார்த்தது. அத்தான் என் சட்டையைப் பிடித்து இழுத்து உட்காரவைத்தார்.

போடாதே, போடாதே என்று நான் எழுதிக்கொண்டே இருந்தேன். நீ புலித்தைலம் அனுப்பினாய்.

யூதாவ்


நாலோங், டிசம்பர் 27

கோலியாங்,

வெய் இரண்டு முறை வந்து போய்விட்டான், உன் கடிதம் இல்லை. "ஆள் நல்லாத்தான் இருக்காரு, கடிதம் எழுத உக்காருவாரு, அப்பறம் கிழிச்சுருவாரு" என்றான். கிழித்துக்கொண்டே இரு. நான் எழுதுகிறேன்.

போன வாரம் கொளுத்த வந்தார்கள். சரிவில் ஏறி, இருப்பதிலேயே பெரிய செத்தைக் குவியலின் மேல் உட்கார்ந்துகொண்டேன். கூடையில் அவித்த சர்க்கரைவள்ளி.

"அம்மா, எந்திரிங்க. தீ வைக்கணும்."

"வையி. யார் வேணாம்னா? தீப்பெட்டி இல்லன்னா நான் தரேன்."

"ஒப்பந்தம் இருக்குதும்மா."

"இருக்கட்டுமே. ஒப்பந்தத்துல என் பேரு இல்ல. அதனால நான் எங்க உக்காரணும்னு அதுல எழுதியிருக்காது."

சிரிக்காதே. அவர்களுக்குக் கொடுத்த தீ அனுமதி பகல் பன்னிரண்டு மணிவரைதான், அதற்குப் பிறகு காற்று எழும்பிவிடும் என்பது எனக்குத் தெரியும். கிழங்கை ஒவ்வொன்றாகத் தோலுரித்துப் பன்னிரண்டுவரை தின்றேன். மூன்று நாள் இப்படி. நான்காம் நாள் மழை பிடித்துக்கொண்டது, செத்தை நனைந்து போயிற்று. எனக்கு வயிறு ஊதிப்போனதுதான் மிச்சம்.

ஆனால் நிலாக் கணக்கில் நம் வருஷப் பிறப்பு கழிந்ததும் பொக்லைன் வருகிறது. அதற்குக் காற்றும் மழையும் பொருட்டில்லை. இரும்புக்கு முன்னால் கிழங்கு தின்றுகொண்டு எத்தனை நாள் உட்காருவேன்? மேல்மண் என்று மிச்சமிருக்கும் கொஞ்சத்தையும் அது புரட்டிக் கீழே தள்ளிவிட்டால், நான் சாகும்வரை அங்கே ஒன்றும் வராது. பயமாக இருக்கிறது. உன்னைத் தவிர யாரிடம் சொல்வது என்று தெரியவில்லை, அதுதான் எனக்கு ஆத்திரம்.

யூதாவ்


லாவோஸ் முகாம், ஜனவரி 12, 2012

அக்கா,

நலம் விசாரிக்க எனக்கு முகமில்லை.

கையெழுத்துப் போட்டேன். சொந்தச் சரிவை எழுதிக்கொடுப்பவனுக்குத்தான் மேஸ்திரி வேலை என்றார்கள். நான் வேலை பார்த்த மில்லை மூடியபின் எட்டு மாதம் வேலையில்லாமல் உன் வீட்டில் தின்ற சோறு தொண்டையில் நின்றது. நீ ஒரு நாளும் சொல்லிக் காட்டவில்லை. அதனால்தான் அதிகமாக நின்றது. உன்னிடம் சொன்னால் தடுப்பாய் என்று தெரியும். தடுத்தால் கேட்டுவிடுவேன் என்றும் தெரியும். வேறு காரணமில்லை.

போட்ட கையெழுத்தை இங்கிருந்து அழிக்க முடியாது. கேட்டும் பார்த்துவிட்டேன்.

இங்கே நடந்த ஒன்றைச் சொல்கிறேன். போன மாதம் மேட்டுச் சரிவில் என் பொக்லைன் ஒன்று பதினொரு நாள் சும்மா நின்றது. வழியில் ஒரு பழைய சமாதி. கம்பெனி ஒப்பந்தம் எந்த நாட்டில் போட்டாலும் மூன்றாம் பக்கம் ஒன்றுதான்: எந்தச் சமாதியானாலும் ஐந்து மீட்டருக்குள் தீயும் இயந்திரமும் கூடாது. எப்போது வைத்த சமாதி என்று அதில் கேட்கவில்லை. சுற்றிப் போகப் பாதை இல்லாததால் கடைசியில் அந்தச் சரிவையே விட்டுவிட்டோம்.

நம் சரிவுக்கும் ஏறுவதற்கு ஒரே பாதைதானே. வாய்க்கால் பக்கம் கழுத்து மாதிரி குறுகும் இடம், எட்டு மீட்டர்கூட இருக்காது. சும்மா நினைவு வந்தது, எழுதினேன்.

இந்தக் கடிதத்தைப் படித்ததும் அடுப்பில் போட்டுவிடு.

கோலியாங்


நாலோங், பிப்ரவரி 6

தம்பிக்கு,

நானும் அத்தானும் நலம். இருமல் நின்றதா? இஞ்சி தட்டிப் போட்டுக் குடி.

உன் கடிதத்தை எரிக்கவில்லை. இந்த ஊரில் இனி எதையும் எரிப்பதாக இல்லை.

அப்பாவின் ஜாடி இடம் மாறிவிட்டது. நம் வருஷம் பிறந்து நாலாம் நாள் நானும் அத்தானும் கம்பு கட்டித் தூக்கிப்போய், கழுத்துப் பாதையின் நட்டநடுவில் குழி வெட்டி, மூடி வெளியே தெரிய உட்காரவைத்தோம். வாழ்நாளெல்லாம் அடுத்தவனுக்கு வழிவிட்டே பழகிய மனிதர். இப்போதுதான் முதல்முறையாக மறித்து உட்கார்ந்திருக்கிறார்.

ஹுவாங் ஓடி வந்தார். "இது என்னம்மா இடம்? ஜோசியர் பாத்தாரா?"

"பாத்தாரு. முன்னால தண்ணி, பின்னால மலை, நடுவுல பொக்லைன். அமோகமான இடம்னாரு."

ஹுவாங் அப்பாவின் ஜாடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்துவிட்டு இறங்கிப் போனார். அவருடைய அம்மாவின் ஜாடி பாறை இடுக்கில் பதினாலு வருஷமாகக் காத்திருப்பது உனக்குத் தெரியும். எந்த இடம் ராசி என்று அண்ணன் தம்பி நாலு பேரும் அடித்துக்கொண்டே இருந்தார்கள். மறுநாள் காலையில் நாலு பேரும் ஒன்றாக ஜாடியைத் தூக்கிக்கொண்டு சரிவில் ஏறுகிறார்கள். "எங்கம்மாவுக்கும் அந்தப் பக்கம்தான் புடிக்கும்" என்றார். அவர் கையெழுத்தும் உன்னைப் பார்த்துப் போட்டதுதானே, உறுத்தியிருக்கும்.

பிறகு சொல்ல வேண்டுமா? பாறை இடுக்கு காலி. கழுத்திலிருந்து உச்சிவரை பதின்மூன்று ஜாடிகள். பொக்லைன் வந்தது. ஓட்டுகிற பையன் அப்பாவைப் பார்த்ததும் எஞ்சினை நிறுத்திவிட்டு இறங்கிக் கும்பிட்டான். கம்பெனிக்காரன் கத்தினான். "இதெல்லாம் வேணும்னே வச்சது, செல்லாது! அளக்க ஆள் அனுப்பறேன்" என்று போயிருக்கிறான்.

அளக்கட்டும்.

உன் மேல் கோபம் தீரவில்லை. இருந்தாலும் கேட்கிறேன், மூன்றாம் பக்கம் உனக்குச் சும்மாதான் நினைவு வந்ததா?

அக்கா


லாவோஸ் முகாம், பிப்ரவரி 24

அக்காவுக்கு,

இருமல் நின்றது.

அளக்க வருகிற ஆள் நான்தான். ஊர்க்காரன், மேஸ்திரி, முதல் கையெழுத்துக்காரன். நான் சொன்னால் ஊர் கேட்கும் என்று நினைக்கிறார்கள். அவை உண்மையான சமாதிகளா, இடைஞ்சலுக்கு வைத்தவையா என்று நான் எழுதிக் கொடுக்க வேண்டும். இடைஞ்சல் என்று எழுதினால் ஜாடிகளை ஓரமாக நகர்த்திவிட்டு மறுநாளே இயந்திரம் ஏறும். எனக்கு லாவோஸில் மேலாளர் நாற்காலி.

என்ன எழுதுவேன் என்று நீ கேட்காதே. இப்போது நான் எதைச் சொன்னாலும் நீ நம்ப வேண்டியதில்லை.

கோலியாங்


மாவட்ட நகர விடுதி, மார்ச் 11

அக்கா,

நேற்று ஊருக்கு வந்தேன். கதவைச் சாத்தியிருந்தாய். ஜன்னலில் உன் நீலத்துணி தெரிந்தது. அத்தான் மட்டும் வந்து நாடாவின் மறுமுனையைப் பிடித்தார். கடைசியில், "உங்கக்கா ரெண்டு பேருக்குத்தான் கஞ்சி வச்சிருக்கா" என்றார். எங்கள் இரண்டு பேருக்கா, உங்கள் இரண்டு பேருக்கா என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

இன்று காலை கொடுத்த அறிக்கையின் நகல்:

"நாலோங் மேற்குச் சரிவு. சமாதிகள் பதின்மூன்று. ஒவ்வொன்றிலும் பெயருள்ள மனிதரின் எலும்பு இருப்பதை அந்தந்த வீட்டாரிடம் நேரில் கேட்டு உறுதி செய்தேன். முதலாவதில் இருப்பவர் என் தந்தை. ஏறுவழியின் அகலம் ஏழு மீட்டர் எண்பது. அவரிடமிருந்து இரு பக்கமும் ஐந்து மீட்டர் விட்டால் வழி இல்லை. மண் இறுகியுள்ளது, மேல்மண் ஒரு சாண்கூட இல்லை. தம்ளர் சோதனையில் உடனே கரைகிறது. எரிப்பதும் இயந்திரத்தால் படி வெட்டுவதும் கூடாது. பட்டையும் செத்தையும் மண்மேல் கிடக்கவிட்டு, அந்தந்த வீட்டாரே கையால் குழி வெட்டி நடுவதற்குச் சரிவைத் திருப்பிக் கொடுக்கப் பரிந்துரைக்கிறேன். மெங் கோலியாங்."

படித்துவிட்டு மேலதிகாரி, "இதில் கையெழுத்துப் போட்டால் நீ லாவோஸுக்குத் திரும்ப வேண்டியதில்லை, தெரியும்தானே?" என்றார். பேனா எழுதவில்லை. அவருடையதை வாங்கித்தான் போட்டேன். சரிவை விட்டுவிடுவதாக மாலையில் சொல்லி அனுப்பினார்கள். என் பெட்டி வெய்யோடு வருகிறது.

ஒன்று கேட்க வேண்டும். மற்ற ஜாடிகளுக்கெல்லாம் மூடியைச் சுற்றிக் களிமண் பூசியிருக்கிறது. அப்பாவுடையதில் இல்லையே, மறந்துவிட்டாயா?

கோலியாங்


நாலோங், மார்ச் 20

தம்பிக்கு,

நாங்கள் நலம். நீ சாப்பிட்டாயா? விடுதிச் சோறு தின்று உன் முகம் எப்படி ஆகியிருக்கும் என்று எனக்குத் தெரியும். ஜன்னல் வழியாக அன்றே பார்த்துவிட்டேன்.

நகல் வந்தது. ஹுவாங் அதைக் கூட்டத்தில் உரக்கப் படித்தார். உன் கையெழுத்து இன்னும் கோணல்தான். இந்த முறை ஊரே அதை எட்டி எட்டிப் பார்த்தது, நான் தலை நிமிர்ந்து உட்கார்ந்திருந்தேன்.

கன்று நட்டாயிற்று. அடிக்கட்டைகளுக்கு நடுவில் கடப்பாரையால் குழி போட்டதில் அத்தானுக்கு முழங்காலோடு தோளும் போயிற்று. வரிசைக்கு வரிசை செத்தையை மெத்தை மாதிரி போட்டிருக்கிறோம். முந்தாநாள் முதல் பெருமழை. சரிவிலிருந்து இறங்கிய தண்ணீரைத் தம்ளரில் பிடித்துப் பார்த்தேன். பொய் சொல்ல மாட்டேன், லாரிப்பாதைத் தண்ணீர் இன்னும் டீதான். செத்தை கிடந்த பக்கத்துத் தண்ணீரில் மட்டும் என் விரல் தெரிந்தது.

வருகிற இருபத்துநாலாம் தேதி நிலாக் கணக்கில் மூன்றாம் மாதம் மூன்றாம் நாள், பண்டிகை. அப்பாவின் பழைய வட்டத்து ஃபெங் மரம் துளிர்த்திருக்கிறது, அந்த இலையில்தான் கறுப்புச் சோற்றுக்குச் சாயம் எடுக்கப்போகிறேன். மூன்று பேருக்கு அரிசி ஊறவைக்கிறேன். யார் அந்த மூன்றாவது ஆள் என்று அத்தானிடம் கேட்டுக்கொண்டு நிற்காதே.

களிமண்ணை நான் மறக்கவில்லை. குழியில் இறங்கினேன், தலையைத் தூக்கி வைத்தேன், ஊரையே எதிர்த்து அவரை வழிநடுவில் உட்காரவைத்தேன். மகன் செய்ய வேண்டியதையெல்லாம் நானே செய்தேன், செய்ய முடியும் என்று காட்டவும் காட்டினேன். மூடியை மட்டும் பூசாமல் விட்டுவைத்தேன். உன் மேல் கொலைவெறியில் இருந்த நாளிலும் அதைப் பூசக் கை வரவில்லை.

களிமண் பிசைந்து ஈரத்துணி போட்டு மூடி வைத்திருக்கிறேன். காய்வதற்குள் வா.

அக்கா